ஓய்மை என்பது யார் சொல்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுவது. இங்கே அம்மாவின் வலது ஆள்காட்டி விரலைத் தவிர எல்லோரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சௌக்கியமாக இருப்பாய் என்று எழுதச் சொன்னாள் அம்மா, எழுதிவிட்டேன், ஆனால் அதை அவளே நம்பவில்லை. விரலுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, பதறாதே. பள்ளி இப்போதுதான் திறந்த சமயம் அல்லவா, கடையில் சீருடைத் துணி மலையாகக் குவிந்து கிடக்கிறது, பேச்சுவாக்கில் மிஷின் ஊசி விரலில் ஏறிவிட்டது. கட்டுப் போட்ட நர்ஸ், இந்த விரலால் நூலும் கோக்கக் கூடாது பேனாவும் பிடிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால்தான் பேனா என் கையில். முதல் நாலு வரிக்கு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள், அதற்குள், "எனக்கு இப்படி நிறுத்தி நிறுத்திச் சொல்ல வராதுடி, நடந்ததை நீயே எழுது, நடுவுல எனக்குத் தோணுறதைச் சொல்றேன், சேர்த்துக்கோ, ஆனா என்னைக் கேக்காம முடிச்சிடாதே" என்று எழுந்து போய்விட்டாள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று அப்பா கேட்டார். போனில் நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், உனக்கு ஒன்றும் விளங்கவில்லை, எழுதி அனுப்புங்கள் என்று நீதானே சொன்னாய். எழுதி முடித்ததும் அப்பாவின் போனில் படம் பிடித்து இன்றைக்கே அனுப்பிவிடுவேன், காகிதம் பின்னாலேயே தபாலில் வரும்.

உனக்குப் பொறுமை கிடையாது என்பதால் முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன் அக்கா. பதிப்பாளரிடம் கொடுத்த புத்தகத்தைத் திரும்ப வாங்காதே. தலைப்பையும் மாற்றாதே. வெள்ளிக்கிழமைக்குள் பதிப்பாளருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாய், பதில் கிடைத்துவிட்டது. அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்று சொல்லாவிட்டால் எனக்கு மண்டையே வெடித்துவிடும்.

அதற்கு முன்னால் உன் புத்தகங்கள் இங்கே என்ன பாடு படுகின்றன என்று தெரிந்துகொள். "பதில் கேட்காத தந்தி" எங்கள் பள்ளி நூலகத்தில் இப்போது அட்டை கிழிந்து, நூலக ஆசிரியை பிரவுன் தாள் போட்டு ஒட்டியிருக்கிறார். அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகத் தந்தி கொடுக்கப் போகிற உன் கதாநாயகி அந்தக் கடைசித் தந்தியைப் பிரித்துப் படித்திருக்க வேண்டுமா கூடாதா என்று எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடுகிறது. நான் கூடாது கட்சி. "உப்புக் கப்பல்" எப்போது பார்த்தாலும் வெளியே போயிருக்கிறது. எங்கள் வகுப்பு மூக்குக்கண்ணாடிக்காரியை உனக்குத் தெரியுமே, அவள் அதை மூன்று முறை படித்துவிட்டு, கப்பல் துறைமுகத்துக்கு வருகிற அன்று நிலா தேய்பிறையா வளர்பிறையா என்று கணக்குப் போட்டுப் பார்த்தாளாம், நீ எழுதியது சரியாக இருந்ததாம், அதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். வரலாற்றுப் பாடம் என்றாலே தூங்கிவிழுகிற பின்பெஞ்சுக்காரிகள்கூட, அந்தக் காலத்தில் நம்மை மாதிரிப் பெண்களும் இருந்தார்களாடி என்று கேட்கிறார்கள். இதைக் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. எங்க அக்கா என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, அலட்டலாக இருக்கும் என்று ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், பிறகு சொல்லிவிட்டேன்.

"ஓய்மை" அட்டைப் படம் வந்ததும் வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. நூற்பு மில்லின் நீளமான கூடம், ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும் வெயில், பஞ்சுத்தூசி மிதக்க ஒருத்தி கையைத் தூக்கிக் காதுப் பக்கம் வைத்துக்கொண்டு நிற்கிறாள், மேலே பெரிய எழுத்தில் தலைப்பு. அப்பா அதைப் பெரிதாக அச்செடுத்து, தாம் பழுதுபார்க்கிற ஆறுமாடிக் கட்டடத்து லிஃப்டுக்குள், "அதிகபட்சம் ஆறு பேர்" என்ற பலகைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். லிஃப்டில் ஏறுகிறவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லையே, ஒவ்வொருவரும் அது என்ன ஓய்மை என்று கேட்கிறார்களாம், அப்பா மூன்றாவது மாடிக்குள் அர்த்தத்தையும் ஐந்தாவது மாடிக்குள் கதையையும் சொல்லி, ஆறாவது மாடியில் உன் பெயரைச் சொல்லி இறக்கிவிடுகிறாராம். ஒரு வக்கீல் கதை முடியவில்லை என்று மறுபடியும் கீழே வந்து ஏறினாராம். இது அப்பா சொன்னதுதான், வக்கீல் எதையாவது மறந்துவிட்டு வந்திருக்கலாம் என்று அம்மா சொல்கிறாள்.

இப்படி நாங்கள் தரையில் கால் பாவாமல் திரிந்த நேரத்தில்தான் உன் போன் வந்தது. மெய்ப்பு பார்க்கிறவர் முதல் பக்கத்திலேயே தலைப்பைச் சுற்றி வட்டம் போட்டு, "இது யார் சொல்? ஆதாரம்?" என்று கேட்டிருக்கிறார், எந்த அகராதியிலும் அந்த வார்த்தை இல்லை என்று நீ அழுதாய். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நீ ஏன் இதற்கு இவ்வளவு அழுகிறாய் என்று புரியவில்லை, நான்தான் விளக்கினேன். முதல் புத்தகத்தில் தந்தி கொடுக்கிறவள் "மிதிவண்டி" என்று சொல்லிவிட்டாள், அந்தக் காலத்தில் ஏதம்மா இந்தச் சொல் என்று ஒரு விமர்சகர் உன்னைக் கிழிகிழி என்று கிழித்தார். அன்றிலிருந்து, அந்தக் காலத்து வாயில் இல்லாத சொல்லை அந்தக் காலத்து ஆளுக்குக் கொடுக்க மாட்டேன் என்று நீ எல்லாப் பேட்டியிலும் சொல்லிக்கொண்டு வருகிறாய். இப்போது நூறு வருஷத்துக்கு முந்தைய மில் கதைக்குத் தலைப்பே ஊர் பேர் தெரியாத சொல் என்றால் என்ன ஆகும்? அதோடு, கதையில் அந்தப் பெண்கள் எதைப் பற்றிப் பேசினாலும் அந்தச் சொல்லில்தான் வந்து நிற்கிறார்கள், அதை எடுத்தால் துணியில் ஒரு நூலை இழுத்த மாதிரி எல்லாம் சுருங்கிவிடும். (இந்த உவமை அம்மா கொடுத்தது.) நீ கேட்டது ஒன்றே ஒன்று. சின்ன வயதிலிருந்து நம் வீட்டில் சொல்கிற சொல்தானே, அது எங்கிருந்து வந்தது, யார் யார் சொல்கிறார்கள், தேடிச் சொல்லுங்கள், கிடைக்காவிட்டால் புத்தகத்தையே திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றாய்.

தேடினேன் அக்கா, சும்மா இல்லை. முதலில் தமிழாசிரியையிடம் போனேன். அவர் எல்லாப் பெரிய அகராதிகளையும் மேசையில் பரப்பி, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "ஓய்வு இருக்கு, ஓய்ச்சல் இருக்கு, ஓய்தல் இருக்கு, ஆனா ஓய்மை இல்லியேம்மா, இருந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார். அவருக்கு உன் சொல் ரொம்பப் பிடித்துவிட்டது, பார்த்தால் பழைய சொல் மாதிரியே இருக்கிறதே என்று இரண்டு தரம் கரும்பலகையில் எழுதிப் பார்த்தார். பிறகு அத்தையிடம் கேட்டேன். அத்தை எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்வாரா, "அதெல்லாம் எங்க பக்கம் எல்லாரும் சொல்றதுதான்" என்றார். அப்படியென்றால் என்ன அத்தை என்று கேட்டேன், "உடம்பு அசதியா இருந்தா சொல்றது" என்றார். சுத்தமாகத் தப்பு, மிஷின் நின்ற பிறகும் காதுக்குள் ஓடுகிற இரைச்சல் அல்லவா அது. மாமா, நான் ஏதோ விடுகதை போடுகிறேன் என்று நினைத்து, விடை சொல்லு விடை சொல்லு என்று போனை வைக்கவே விடவில்லை.

நேற்றுச் சாயங்காலம்தான் விஷயம் வெடித்தது. அம்மா கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அப்பா கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார், நான் சலிப்போடு, நம்ம வீட்டில் யார் முதலில் சொன்னதென்றாவது தெரியுமா என்று கேட்டேன். அம்மா, "உங்கப்பாகிட்டதான் கேக்கணும், அது லிஃப்ட்காரங்க பாஷை" என்றாள். அப்பா அப்படியே நின்றுவிட்டார். "லிஃப்ட்காரங்களா? அது உங்க தையல்காரங்க சொல்லு. மிஷின் ரூமுல மோட்டார் நின்னதும் காதுக்குள்ள மட்டும் ஒரு இரைச்சல் ஓடுமே, அதுக்கு எங்ககிட்ட பேரே கிடையாது, உன்கிட்ட இருந்துதான் நான் எடுத்துக்கிட்டேன், எங்க ஆளுங்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன்" என்றார். அம்மா, "நல்லாருக்கே! நான் உங்ககிட்ட இருந்து எடுத்துக்கிட்டு எங்க கடையில எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கேன்" என்றாள். இத்தனை வருஷமாக இரண்டு பேரும் அதை மற்றவர் தொழில் சொல் என்று மரியாதையாக நினைத்துக்கொண்டு, எங்கிருந்து வந்தது என்றுகூடக் கேட்காமல் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள்! அப்பா சிரித்துச் சிரித்துக் கிரீஸ் துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அப்ப இது யாரோடது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

உடனே சித்திக்குப் போன் போட்டோம். நீ சின்னக் குழந்தையாக இருந்தபோது அம்மாவுக்கு ஒத்தாசையாக இங்கே வந்து இருந்தது சித்திதானே. நான் கேள்வியை முடிப்பதற்குள் சித்தி சொல்லிவிட்டார், "ஐயோ, அது உங்கக்கா கண்டுபிடிச்சதாச்சே, யாருக்கும் ஞாபகம் இல்லையா?" என்று. அப்போது நம் வீடு ஒரே அறை. அம்மா புதிதாக மோட்டார் வைத்த மிஷின் போட்டிருந்தாள், அது ஓடினால் சுவரே அதிருமாம், நீ மேசைக்கடியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு வீல்வீல் என்று கத்துவாயாம். அம்மா தைப்பதை நிறுத்த முடியாமல், குனிந்தும் பார்க்க முடியாமல், "ஓயும்மா, இப்ப ஓயும்மா, இந்த ஒரு தையல்தான், ஓயும்மா" என்று சொல்லிக்கொண்டே தைப்பாளாம். மிஷின் நின்றதும் நீ அழுகையை நிறுத்திவிட்டு, காதில் விரலை வைத்து, உள்ளே கேட்கிற அந்த மெல்லிய இரைச்சலைக் கவனித்துக்கொண்டு, "ஓயும்மா வந்துச்சு" என்பாயாம். அதுதான் அதன் பெயர் என்று நினைத்துவிட்டாய். "எங்கே, ஓயும்மா போச்சா பாருன்னு நான் கேப்பேன், இன்னும் இருக்குன்னு தலையை ஆட்டும், தூங்குற வரைக்கும் விடாது" என்று சித்தி சொல்லிக்கொண்டே போனார். அம்மா போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அதைப் போய் யாரு ஞாபகம் வெச்சிருப்பா" என்று மட்டும் சொன்னாள்.

மிச்சத்தை நான் கண்டுபிடித்தேன் அக்கா, கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன். நாளாக நாளாக "ஓயும்மா" நம் வாயில் தேய்ந்து "ஓய்ம" ஆயிற்று. இன்றும் நாம் வீட்டில் பேசும்போது ஓய்ம என்றுதான் சொல்கிறோம், ஓய்மை என்று யாரும் சொல்வதில்லை. நீ பள்ளிக்கூடம் போய் எழுதப் படித்தாய். பேச்சில் உண்ம என்பது எழுத்தில் உண்மை, பொறும என்பது பொறுமை, அப்படியானால் ஓய்ம என்பதை ஓய்மை என்றுதானே எழுத வேண்டும்? நல்ல பிள்ளையாகத் திருத்தி எழுதிவிட்டாய்! பிழையே இல்லாத பிழை. அதனால்தான் மெய்ப்பு பார்க்கிறவருக்கே அது பழைய சொல்லாக இருக்குமோ என்று சந்தேகம் வந்து, அடிக்காமல் வட்டம் போட்டுக் கேட்டிருக்கிறார். தமிழாசிரியையிடம் இன்று காலை இதைச் சொன்னேன், நடு வராந்தாவில் நின்றுகொண்டு கைதட்டினார்.

ஆனால் நேற்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் நிலைமை அப்படி இல்லை. சொல்லின் வயது தெரிந்துவிட்டது, அது உன் வயதுதான், மில் கதைக்குள் அதற்கு என்ன வேலை? அப்பா ஒரு வழி சொன்னார். "அது பழைய மில்லுச் சொல்லுதான், எங்க தாத்தா சொல்லக் கேட்டிருக்கேன்னு நான் போன்ல ஒரு வார்த்தை சொல்லிடறேன், யாரு வந்து விசாரிக்கப் போறா?" அம்மா, "உங்க தாத்தா மில்லுப் பக்கம் போயிருக்காரா?" என்று கேட்டாள். "எதிர்ல டீக்கடையில உக்காந்திருப்பார், அங்க மில்லுக்காரங்க வருவாங்க இல்ல?" என்றார் அப்பா. எனக்கு ஒரு நிமிஷம் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது, உண்மையாகச் சொல்கிறேன், ஏனென்றால் புத்தகம் வராமல் போவதை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. பிறகு நிலாவைக் கணக்குப் போட்ட மூக்குக்கண்ணாடிக்காரி ஞாபகத்துக்கு வந்தாள். நீ பொய் சொல்ல மாட்டாய் என்பதால்தான் அவளை மாதிரி ஆட்கள் நீ எழுதியதைச் சரிபார்த்துச் சரிபார்த்துப் படிக்கிறார்கள். வேண்டாம்ப்பா என்றேன். அம்மாவும் வேண்டாம் என்றாள். அப்பா, "அப்ப நாளைக்கு லிஃப்ட்ல இருக்கிறதைக் கிழிச்சிடறேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அம்மாதான், நீ முன்பே அனுப்பி வைத்திருந்த கதையின் அச்சுத்தாள் கட்டை எடுத்து வரச் சொன்னாள். வேலைக்குப் போக முடியாது, கையும் சும்மா இருக்கிறது, உன் கதையை முதலிலிருந்து வாசித்துக் காட்டு என்றாள். இவ்வளவு நாளும் உன் புத்தகங்களை அவள் அட்டையைத் துடைத்து அலமாரியில் வைத்ததோடு சரி, சாயங்காலம் ஆனால் அவள் கண் எழுத்துக்கு நிற்காது, உனக்கே தெரியும். நான் வாசித்தேன். மில்லுக்குள் போகிற இடம், பஞ்சு நுரையீரலில் ஏறி எல்லோரும் இருமுகிற இடம், மேஸ்திரியை ஏமாற்றிவிட்டுப் பெண்கள் ஜாடையால் பேசிக்கொள்கிற இடம், எல்லாவற்றுக்கும் உச்சுக் கொட்டினாள். மேஸ்திரிக்கு ஒரு கெட்ட பெயர் வைத்தாள், அதை எழுத மாட்டேன். கதாநாயகியின் தாய், கைக்குழந்தையான அவளைத் துணியில் சுற்றி மிஷினுக்கடியில் கிடத்திவிட்டு நூல் இழைக்கிற அத்தியாயம் வந்தது. குழந்தை அலறுகிறது, தாய் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்கிறாள் என்று அழகாக எழுதியிருக்கிறாய். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். "இவ ஏன் பேசாம இருக்கா?" என்றாள். மிஷின் சத்தத்தில் பேசினால் கேட்காதும்மா என்றேன். "கேக்காட்டி என்ன? கேக்கும்னா நான் சொன்னேன்? புள்ள கீழ கிடந்து கத்துறப்ப எவளாச்சும் வாயை மூடிக்கிட்டு இருப்பாளா? அந்த மில்லுல எத்தனை அம்மா இருந்தாளோ அத்தனை பேரும் 'ஓயும்மா, ஓயும்மா'ன்னு சொல்லிக்கிட்டேதான் இழைச்சிருப்பா. ஓயும்ங்கிறது அப்ப இருந்ததா இல்லையா? அம்மாங்கிறது இருந்ததா இல்லையா?" என்று கேட்டாள்.

அக்கா! நான் எழுந்து நின்றுவிட்டேன். ஓயும் என்பதையும் அம்மா என்பதையும் சுற்றி எந்த மெய்ப்புக்காரராலும் வட்டம் போட முடியாது. அந்தத் தாய் வாயைத் திறக்கட்டும், அவ்வளவுதான். அவள் சொல்லட்டும், கீழே கிடக்கிற குழந்தை வளர வளர அதைப் பெயராக எடுத்துக்கொள்ளட்டும், அந்தக் கூடத்துப் பெண்கள் அதைக் கேட்டுச் சிரித்து, பிறகு அவர்களும் சொல்லத் தொடங்கட்டும், பள்ளிக்கூடம் போகும் கதாநாயகி ஒருநாள் அதை முதல்முறையாக எழுதும்போது ஓய்மை என்று எழுதட்டும். நீ பயந்தபடி அந்தச் சொல் கதைக்குள் திருட்டுத்தனமாக நுழையவில்லை, கதைக்குள்ளேயே பிறக்கிறது. வாசிக்கிறவர்களும் அது பிறப்பதைப் பார்ப்பார்கள். இதற்கு ஒரு அத்தியாயம் போதும், நீ இரண்டு நாளில் எழுதிவிடுவாய். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், இந்தச் சொல் எங்கள் வீட்டில் பிறந்தது, ஒரு மில்லிலும் பிறந்திருக்கக்கூடும் என்று உள்ளதை உள்ளபடி எழுதிவிடு. மிதிவண்டி விமர்சகர் வந்து கேட்கட்டும், பார்க்கலாம்.

இதை எல்லாம் நான் மூச்சுவிடாமல் சொன்னேன், அப்பா உள்ளே வந்து, "அப்ப கிழிக்க வேண்டாமா?" என்று கேட்டார். அம்மா மட்டும் இடது கையால் அச்சுத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிடிக்கவில்லையா அம்மா என்றேன். பிடிக்காமல் இல்லையாம். இத்தனை நாள் அது வீட்டுக்குள் புழங்கிய சொல், அவள் சொன்னதும் நீ கேட்டதுமாக இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது என்று நேற்றுத்தான் தெரிந்தது, தெரிந்த அன்றைக்கே ஊருக்குக் கொடுக்க வேண்டுமா என்று ஒரு நினைப்பு வந்ததாம். அப்புறம் அவளே, "போகட்டும், அந்த மூக்குக்கண்ணாடிக்காரியும் சொல்லட்டும், அவளும் நம்ம பொண்ணுதானே" என்று சொல்லிவிட்டாள். நான் கேட்காமலே சொன்னாள், இதையும் எழுது என்றாள், எழுதிவிட்டேன்.

இனி அம்மா சொல்கிறபடியே. பயந்து பயந்து எழுதாதே. எழுதுகிற மேசை ஜன்னலுக்குப் பக்கம் இருக்கட்டும், மஞ்சள் விளக்கில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. டீயைக் குடித்துச் சாப்பாட்டுக் கணக்கை முடிக்காதே. பதிப்பாளருக்கு நாளைக்கே போன் செய், வெள்ளி வரைக்கும் இழுக்காதே. புது அத்தியாயத்தை அவருக்கு அனுப்புவதற்கு முன்னால் எங்களுக்கு அனுப்பு, அந்தத் தாய் சரியாகச் சொல்கிறாளா என்று அம்மா கேட்டுப் பார்க்க வேண்டுமாம், சின்னவள் வாசித்துக் காட்டுவாள். உன் கை ஓடிக்கொண்டே இருக்கட்டும், நீ எழுதுகிற ஒவ்வொன்றும் யாராவது ஒரு பிள்ளையிடம் போய்ச் சேரட்டும், நீ நல்லா இருப்பே. இது யார் சொல் என்று மெய்ப்பு பார்க்கிறவர் கேட்டாரே, அவருக்கு என்ன பதில் எழுதட்டும் என்று கேட்டேன். அம்மா யோசிக்கவே இல்லை. "பாதி நான் சொன்னது, பாதி அவ கேட்டதுன்னு எழுது" என்றாள்.

ஆசீர்வாதங்களுடன்
உன் அம்மா, அப்பா
எழுதியவள்: சின்னவள்